ஆற்றுக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது

அத்தியாயம் 17

கார்மைன் வக்காரோ அந்த வரிச் சீட்டை மூன்று தடவை படித்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டு நாலாவது தடவையும் படித்தார். எண்கள் அப்படியேதான் இருந்தன.

"வீட்டப் பாக்க வந்தியா, காகிதத்தப் பாக்க வந்தியா?" என்றாள் டோரிஸ் ஸ்ட்ரோபல். "மாடிய இன்னும் நீ பாக்கவே இல்ல."

டோரிஸின் கணவர் ஒரு காலத்தில் மின்சாரக் கம்பெனியில் கார்மைனோடு வேலை பார்த்தவர். இப்போது உயிரோடு இல்லை. டோரிஸ் வெஸ்ட் ஹேலியில் இருக்கும் இந்த வீட்டை விற்றுவிட்டு மகனிடம் போகப் போகிறாள். அந்தப் பக்கம் வரி பாதிதானே, வாங்கலாமா என்று பார்க்க வந்திருந்தார் கார்மைன். கார்மைனின் வீட்டுக்கும் இதற்கும் அதிக வித்தியாசம் கிடையாது. அதே மூன்று படுக்கையறை, அதே சாய்வான கூரை, பின்னால் அதே அளவு புல்தரை. ஒன்று ஆற்றுக்கு இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம், அவ்வளவுதான்.

"பள்ளிக்கூட வரி நாலாயிரத்து இருபத்தெட்டா? இது சரியா, டோரிஸ்?"

"சரியாத்தான் இருக்கும். போன செப்டம்பர்ல அழுதுக்கிட்டே கட்டினேன்."

"உங்க ஊர்ல ஆயிரம் டாலர் மதிப்புக்குப் பத்தொன்பதுதானே?"

"ஆமா. வீட்டு மதிப்பு ரெண்டு லட்சத்துப் பன்னெண்டாயிரம்னு போட்டிருக்கான் பாரு. ரெண்டு வருஷம் முந்தி ஊர்ல இருக்கற எல்லா வீட்டுக்கும் புது மதிப்பு எழுதினாங்க. சந்தையில என்ன விலையோ அதே விலை. உங்க ஊர்ல அப்படி எழுதலையா?"

எழுதவில்லை. அவர் ஊரான கோர்பின் மில்ஸில் கடைசியாக வீடுகளுக்கு மதிப்பு எழுதியது மகள் மாரிசா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில். கார்மைனின் வீடு இன்னமும் ஊர்ப் புத்தகத்தில் ஒரு லட்சத்து நாலாயிரம்தான். அதில் அவருக்குப் பெருமை உண்டு. புது மதிப்பீடு வந்துவிடுமோ என்று பயந்து இருபது வருடமாக வீட்டில் ஒரு ஆணிகூட அதிகம் அடிக்கவிடாதவர் அவர். இரண்டாவது குளியலறை வேண்டும் என்று மனைவி அடேல் கேட்டுக் கேட்டு, கேட்பதையே விட்டுவிட்டாள்.

ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கு, ஆயிரத்துக்கு முப்பத்தெட்டு வீதம். மனக்கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு.

டோரிஸ் அவரைவிட எழுபத்தாறு டாலர் அதிகம் கட்டுகிறாள்.

"உக்காரு கார்மைன், முகம் வெளுத்துப் போச்சு. தண்ணி தரட்டுமா?"

சமையலறைக் கடிகாரத்தில் மணி பதினொன்று.

*

போன வாரங்களைத் தவறவிட்டவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை.

கோர்பின் மில்ஸில் பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு செலவழிப்பது என்பதை ஊரார் வருடத்துக்கு ஒரு தடவை ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கிறார்கள். மே மாதம் அந்த பட்ஜெட் நாற்பத்தொரு ஓட்டில் தோற்றது. ஜூனில் இன்னொரு தடவை ஓட்டெடுப்பு உண்டு. அதிலும் தோற்றால் வெட்டுதான். வெட்டுப் பட்டியலில் முதல் பெயர் உயர்நிலைப் பள்ளியின் உலோகப் பட்டறை. அந்தப் பட்டறையின் ஆசிரியை மாரிசா வக்காரோ, முப்பத்தெட்டு வயது, கார்மைனின் ஒரே மகள்.

மே மாதத் தோல்விக்குக் காரணம் ஒரு நோட்டீஸ். "ஆற்றுக்கு அந்தப் பக்கம் பத்தொன்பது. இந்தப் பக்கம் முப்பத்தெட்டு. ஏன்?" என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து, சுற்றியிருக்கும் ஊர்களின் வரி வீதங்களைக் கீழே பட்டியல் போட்டு, வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்த நோட்டீஸ். அடியில் கார்மைனின் பெயர். முப்பத்தோரு வருடம் ஊரில் ஒவ்வொரு வீட்டு மின் மீட்டரையும் படித்து எழுதியவர் அவர். ஒரு எண்கூடத் தப்பாக எழுதினதில்லை என்று பெயர் வாங்கியவர். அவர் போட்ட கணக்கை யார் சரிபார்ப்பார்கள்?

மாரிசா சரிபார்த்தாள். ஈஸ்டர் விருந்தில், ஆட்டுக்கறி மேசையில் இருக்கும்போதே, "அப்பா, அந்த ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல வைக்கக் கூடாது. ஒவ்வொரு ஊரும் வீட்டு மதிப்ப ஒவ்வொரு மாதிரி எழுதி வச்சிருக்கு" என்றாள்.

"பேசறது நீயா, உன் சம்பளமா?" என்று கேட்டார் கார்மைன். சொந்தக்காரர்கள் பதினோரு பேர் முன்னால்.

மாரிசா முட்கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனவள்தான். ஒன்பது வாரமாக அப்பாவோடு பேச்சில்லை.

இன்று ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை. இரண்டாவது ஓட்டெடுப்பு நடக்கும் நாள். பன்னிரண்டு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும்.

*

பாலத்தைத் தாண்டி கோர்பின் மில்ஸுக்குள் வரும்போது கார்மைனின் சட்டைப் பையில், டோரிஸின் பேனாவால் அவர் கிறுக்கிய கணக்கு இருந்தது. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கலாம். வாசலில் நின்று முதலில் வருகிறவரிடமே சொல்லியிருக்கலாம். வண்டி என்னவோ வழக்கம்போல பாலத்தடிக் காபிக் கடையில் போய் நின்றது. வண்டிமேல் பழியைப் போட முடியாது, ஓட்டியது அவர்தான்.

மே மாதம் நோட்டீஸை நம்பி எதிர்த்து ஓட்டுப் போட்ட பீட் ஹாலக்கும் அவன் சேக்காளிகள் மூன்று பேரும் வழக்கமான மேசையில் இருந்தார்கள். மே மாதத்திலிருந்து கார்மைன் அந்த மேசையில் ஒரு நாளும் காபிக்குக் காசு கொடுத்ததில்லை.

"வந்துட்டாருய்யா நம்ம கணக்கு வாத்தியார்!" என்றான் பீட். "உக்காருங்க. பன்னெண்டு அடிச்சதும் நாங்க நாலு பேரும் முதல் ஆளாப் போய்ப் போட்டுட்டு வந்துடறோம். போன தடவை மாதிரியே தானே? மாத்தம் ஒண்ணும் இல்லையே?"

காபி வந்தது. பக்கத்தில் ஒரு மிளகாய் முட்டை சாண்ட்விச்சும் வந்தது. கேட்காமலே.

இங்கேதான் சொல்லியிருக்க வேண்டும்.  'முதலில் மாவட்ட வரி அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுக்கொள்வோம், அரைகுறையாகத் தெரிந்துகொண்டு உளறக் கூடாது' என்று அவரே அவருக்கு ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். நோட்டீஸ் அடிக்கும்போது அந்த நியாயம் அவருக்குத் தோன்றவில்லை.

"அவங்கவங்க மனசுக்குப் பட்டதப் போடுங்க" என்றார்.

"கேட்டீங்களாடா? மனுஷன் அடக்கமாப் பேசறார்!" பீட் மேசையைத் தட்டிச் சிரித்தான். மற்ற மூவரும் சிரித்தார்கள். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் நாலு பேரும் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

கார்மைன் சாண்ட்விச்சை முழுசாகத் தின்று முடித்தார்.

*

மாவட்ட அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரம். ஒன்றரை மணிக்குத்தான் ஃபோனை எடுத்தார்கள். ஒரு சின்னப் பெண்ணின் குரல், பொறுமையான குரல்.

"வீதத்த மட்டும் வச்சு ஒப்பிடக் கூடாது சார். உங்க ஊர் மதிப்பு சந்தை விலையில எத்தனை சதவீதம்னு பாத்து, அதால வீதத்தப் பெருக்கணும். அது உங்க வரிச் சீட்டிலயே போட்டிருக்கும். ரெண்டாம் பக்கம்."

"ரெண்டாம் பக்கமா?"

"ஆமா சார். யாரும் பாக்கறதில்ல."

வீட்டுக்கு வந்து மேசை இழுப்பறையைத் திறந்தார். முப்பது வருட வரிச் சீட்டுகள், ஒரு சுருக்கமில்லாமல், வருட வாரியாக. ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் சரி போட்டிருந்தார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். "இவ்வூரின் சொத்துகள் சந்தை விலையில் நாற்பத்தொன்பது சதவீதத்துக்கு மதிப்பிடப்பட்டுள்ளன." முந்தைய வருடச் சீட்டில் ஐம்பத்திரண்டு. அதற்கு முன்னால் ஐம்பத்தைந்து. வருடா வருடம் அவர் வீட்டுக்கே தபாலில் வந்து, அவர் கையாலேயே மடிக்கப்பட்டு, அவர் இழுப்பறையிலேயே இருந்திருக்கிறது.

பாதி விலைக்கு முப்பத்தெட்டு. முழு விலைக்குப் பத்தொன்பது. இரண்டும் ஒன்றுதான். மாரிசா சொன்னது இதைத்தான்.

மேசைக்கு முன்னால் அவர் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம். வீட்டில் யாரும் இல்லாதபோதுகூட அவருக்கு முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றியது. ஈஸ்டர் மேசையில் அவள் முட்கரண்டியை வைத்த விதம் திரும்பத் திரும்பக் கண்ணுக்கு முன்னால் வந்தது. சத்தமே வராமல் வைத்தாள்.

பிறகு எழுதினார். "என் நோட்டீஸ் தப்பு. இரண்டு ஊரிலும் வரி கிட்டத்தட்ட ஒன்றே. காரணம் கீழே. கார்மைன் வக்காரோ." அடேலின் பிரிண்டரில் கறுப்பு மை தீர்ந்துபோயிருந்ததால் நூறு காகிதமும் ஊதா நிறத்தில் வந்தன. பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது மணி மூன்றரை.

*

ஓட்டெடுப்பு நடந்தது பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில். வாக்காளர் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருந்தவள் அடேல் வக்காரோ. பதினாறு வருடமாக அந்த மேசை அவளுடையது. பக்கத்து நாற்காலியில் அவள் செய்துகொண்டு வந்த தக்காளி பை, அதாவது தக்காளி சாஸ் தடவிச் சுட்ட தடித்த ரொட்டி, ஒரு பெரிய தட்டு நிறைய.

கார்மைன் கையில் காகிதக் கட்டோடு உள்ளே வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"அத வெளிய வச்சிட்டு வா."

"அடேல், நான் சொல்றதக் கொஞ்சம் கேளு..."

"ஓட்டுப் போடறதா இருந்தா கையெழுத்துப் போடு. நோட்டீஸ் குடுக்கறதா இருந்தா வாசல்லேருந்து நூறடி தள்ளி நில்லு. அங்க மஞ்சக் கோடு போட்டிருக்கு."

"நான் உன் புருஷன்டி."

"அதனாலதான் மெதுவாச் சொல்றேன்."

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கார்மைன் மேசைமேல் குனிந்தார். "நான் தப்புப் பண்ணிட்டேன், அடேல். கணக்கு தப்பு. மாரிசா சொன்னதுதான் சரி."

அடேல் அவர் முகத்தையே பார்த்தாள். நாற்பத்தைந்து வருடத்தில் இந்த வாக்கியத்தை அவள் கேட்டதில்லை. பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அதப் பத்தி நான் இங்க பேசக் கூடாது" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "கையெழுத்துப் போடு. போய்ப் போடு. அப்புறம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போ."

"இதுவரைக்கும் எத்தனை பேர்?"

"முன்னூத்திப் பதினாலு. நீ முன்னூத்திப் பதினஞ்சு."

ஆதரவு என்ற கட்டத்தைக் கறுப்பாக்கிச் சீட்டை இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டு வெளியே வந்தார்.

மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நின்று முதல் காகிதத்தை நீட்டியபோதுதான் அடுத்த வினை புரிந்தது. யாரும் படிக்கவில்லை.

"எங்களுக்குத் தெரியும் கார்மைன், உங்க பக்கம்தான்!"

"இல்ல, இது வேற, படிச்சுப் பாருங்க..."

"இன்னும் எத்தனை தடவ சொல்லுவீங்க? கவலைய விடுங்க."

கண் தெரியாத ஒரு அம்மாள் காகிதத்தை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "இத வேற யாருக்காவது குடுங்க, எனக்கு மனப்பாடம்" என்றாள். அவர் பெயரைப் பார்த்துத்தான் ஊர் அன்றைக்கு நம்பியது. அதே பெயரை நம்பித்தான் இன்றைக்குப் படிக்காமல் போகிறது. கத்திச் சொன்னால் வேடிக்கை பார்த்தார்கள். நிறுத்திச் சொன்னால் நேரமில்லை என்றார்கள்.

நாலரை மணிக்கு மாரிசா பட்டறையிலிருந்து வந்தாள். முழங்கை வரை மடித்த சட்டை, அதில் தீப்பொறி பட்ட சின்னச் சின்ன ஓட்டைகள். அப்பாவையும் காகிதக் கட்டையும் பார்த்ததும் நின்றாள்.

"இன்னும் ஆசை தீரலையா உனக்கு? என் வேலை போறத வாசல்லயே நின்னு பாக்கணுமா?"

ஒன்பது வாரத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை இது. கார்மைன் ஒரு காகிதத்தை நீட்டினார். வாங்க மாட்டாளோ என்று பயந்தார். வாங்கினாள். படித்தாள். ஊதா எழுத்தை விரல் வைத்துப் படித்தாள்.

"நீயா எழுதினே?"

"நான்தான்."

"தப்புன்னு நீயே எழுதியிருக்கே."

"தப்புதானே."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக் கொடிக்கம்பத்தைப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"எப்போ தெரிஞ்சுது?"

"இப்பத்தான். மூணு மணி இருக்கும். தெரிஞ்சதும் ஓடி வந்தேன்."

அந்தப் பொய் யோசித்துச் சொன்னதில்லை. அடி விழப்போகும்போது கை தானாக முகத்தை மறைக்குமே, அப்படி வந்துவிட்டது. வந்த பிறகு திருப்பி எடுக்க அவருக்கு மனசு வரவில்லை. ஏனென்றால் மாரிசா சிரித்துவிட்டாள். ஒன்பது வாரத்து இறுக்கம் அந்த முகத்திலிருந்து கழன்று போவதை அவர் கண்ணால் பார்த்தார்.

"கொண்டா பாதிய" என்றாள்.

*

அடுத்த மூன்றரை மணி நேரம் கார்மைன் வாழ்க்கையில் நல்ல நேரங்களில் ஒன்று. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

மாரிசாவுக்குக் குரல் உண்டு. இரும்பு அரைக்கும் இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். "வாங்க, வாங்க! கார்மைன் வக்காரோ தப்பு ஒத்துக்கறார்! இது வாழ்க்கையில ஒரு தடவைதான் நடக்கும், வந்து பாத்துட்டுப் போங்க!" என்று அவள் கத்தியபோது ஜனங்கள் நின்றார்கள். நின்றவர்கள் படித்தார்கள். படித்தவர்கள் கேள்வி கேட்டார்கள். கார்மைன் ஒவ்வொருவருக்கும் விரல் விட்டுக் கணக்குச் சொன்னார்.

"அடப்பாவி மனுஷா, எதிர்த்துப் போடலாம்னு வந்தேனே!" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். இளம் ஜோடி ஒன்று அவருக்கு நன்றி சொன்னது. திட்டினவர்களும் உண்டு. திட்டு வாங்கும்போது மாரிசா பக்கத்தில் நின்றாள், அது அவருக்குப் போதுமாக இருந்தது.

ஆறு மணிக்கு அடேல் ஆள் மூலமாகத் தக்காளி பை இரண்டு துண்டு அனுப்பினாள். ஆறிப்போன பையைத்தான் வக்காரோ குடும்பத்தில் எல்லாருக்கும் பிடிக்கும். புல்லில் உட்கார்ந்து தின்றார்கள்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும்ப்பா" என்றாள் மாரிசா. "மெய்ன் மாநிலத்துல ஒரு படகு கட்டற பள்ளிக்கூடம். உலோக வேலைக்கு ஆள் கேக்கறாங்க. என்னைக் கூப்பிட்டிருக்காங்க."

கார்மைன் மெல்லுவதை நிறுத்தினார். "மெய்னா? அது ஏழு மணி நேர ஓட்டமாச்சே."

"ஏழரை. போயிடலாம்னுதான் இருந்தேன். உண்மையச் சொல்லணும்னா, உன் மேல இருந்த கோவத்துலதான் எழுதிப் போட்டேன்." சாஸ் ஒட்டிய விரலைப் புல்லில் துடைத்தாள். "வியாழக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நாளைக்கே ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேன்."

"இன்னிக்குத் தோத்துட்டா?"

"தோத்தாலும்தான். வெல்டிங் தெரிஞ்சவளுக்கு எங்க போனாலும் சோறு கிடைக்கும். ஒரு வருஷம் எதையாவது பண்ணிக்கிட்டு இங்கயே இருக்கேன். உங்க ரெண்டு பேருக்கும் வயசாகுது. நீ இப்படி வந்து நிப்பேன்னு நான் நினைச்சே பாக்கல, அப்பா."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில் தக்காளி பை இருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

*

எட்டு மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். ஜூன் மாதம் என்பதால் இன்னும் வெளிச்சம் இருந்தது. இயந்திரத்திலிருந்து வந்த நீளக் காகிதத்தைப் பள்ளிக் குழுவின் செயலாளர் படித்தார்.

ஆதரவு அறுநூற்றுப் பதினொன்று. எதிர்ப்பு அறுநூற்றுப் பதினெட்டு.

ஏழு ஓட்டு. கூடத்தில் யாரோ கை தட்டினார்கள், யாரோ அவர்களை அடக்கினார்கள். மாரிசா தலையை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பதினோரு வருடம் அவள் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பட்டறை. கடைசல் இயந்திரம் ஒன்றைப் பாகம் பாகமாக ஏலத்தில் வாங்கிப் பிள்ளைகளை வைத்தே பொருத்தினாள். எல்லாம் ஆகஸ்டில் விலைக்குப் போகும்.

கார்மைன் அவள் பின்னாலேயே வண்டிகள் நிற்கும் இடம் வரை வந்தார்.  அவள்தான் அவர் தோளில் கை போட்டாள்.

"விடுப்பா. மே மாசம் நாப்பத்தொண்ணு, இப்ப ஏழு. நாலு மணி நேரத்துல நீ எவ்வளவு பேரத் திருப்பிட்டே!"

அப்போது பீட் ஹாலக்கின் லாரி அவர்களைக் கடந்தது. ஜன்னல் வழியாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். "நாங்க நாலு பேரும் முதல் ஆளாப் போட்டோம், கார்மைன்! சொன்னபடி!" ஹாரன் அடித்துக்கொண்டே போய்விட்டான். அவனுக்கு ஊதாக் காகிதம் கிடைக்கவே இல்லை.

"பாவம்" என்றாள் மாரிசா. கோபம்கூட இல்லை அவள் குரலில். "பன்னெண்டு மணிக்கு அவங்களுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? உனக்கே தெரியாது. தெரிஞ்சிருந்தா நீ காலையிலயே வந்து இந்தக் கோட்டுல நின்னிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

தோளில் இருந்த கை கனமில்லாத கை. அது அங்கேயே இருக்க வேண்டும் என்று கார்மைன் மிகவும் ஆசைப்பட்டார். பேசாமல் இருந்தால் போதும், இருந்திருக்கும். நாளைக்கு அவள் மெய்னுக்கு ஃபோன் பண்ணி வேண்டாம் என்பாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவாள். டோரிஸ் எதற்கு இதைப் பற்றிப் பேசப் போகிறாள்?

"பதினோரு மணிக்கே தெரியும், மாரிசா."

"எது?"

"கணக்கு தப்புன்னு. டோரிஸ் வீட்லயே பாத்துட்டேன். மூணு மணின்னு சொன்னது பொய். பீட்டோட காபிக் கடையில உக்காந்திருந்தப்ப அந்தக் கணக்கு என் சட்டைப் பையில இருந்துது. மாத்தம் ஒண்ணும் இல்லையேன்னு என்கிட்ட கேட்டுட்டுத்தான் அந்த நாலு பேரும் போனாங்க. நான் சொல்லல."

கை தோளிலிருந்து எடுக்கப்பட்டது. கணக்கில் அவளும் அப்பாவுக்குச் சளைத்தவள் அல்ல. அவள் மனசுக்குள் எண்கள் ஓடுவதை அவரால் பார்க்க முடிந்தது. நாலு பேர் இந்தப் பக்கம் வந்தால் ஆதரவு அறுநூற்றுப் பதினைந்து, எதிர்ப்பு அறுநூற்றுப் பதினாலு.

"ஏன் சொல்லல?"

கார்மைன் யோசித்தார். நியாயங்கள் நிறைய இருந்தன, மாவட்ட அலுவலகம், அரைகுறைத் தகவல், இன்னும் என்னென்னவோ. எதையும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"காபி வாங்கிக் குடுத்தாங்க" என்றார்.

மாரிசா சட்டைப் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்தாள். அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது. கூடத்துக் கதவைத் திறந்துகொண்டு அடேல் காலித் தட்டோடு வெளியே வந்தாள். தூரத்திலிருந்தே இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

மாரிசா தன் வண்டிக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

கார்மைன் ஜன்னல் பக்கம் குனிந்தார். "நாளைக்கு மெய்னுக்கு ஃபோன் பண்ணுவேன்னியே..."

"பண்ணுவேன்."

"என்ன சொல்லப் போறே?"

சாவியைத் திருகினாள். வண்டி உறுமியது. அவள் முன்னால் இருந்த சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கே இன்னும் தெரியல. தெரிஞ்ச உடனே உனக்குச் சொல்லிடறேன், அப்பா. நாலு மணி நேரம் காக்க வைக்க மாட்டேன்."